ஓடும் வீட்டுக்குள் ஓடும் மின்சாரமும் தண்ணீரும்



1969 ஜூலை மாதம் நீல் ஆம்ஸ்ட்ராங், பஸ் ஆல்ட்ரின், மைக்கேல் காலின்ஸ் மூவரும் நிலவுப் பயணத்தை முடித்துக்கொண்டு பசிபிக் கடலில் வந்து இறங்கினார்கள். அவர்களை ஏற்றிக்கொண்ட கப்பலில் நேராக எங்கே அழைத்துப் போனார்கள் தெரியுமா? ஒரு கேரவனுக்குள்! ஏர்ஸ்ட்ரீம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கேரவனைச் சக்கரம் இல்லாமல் மாற்றி அமைத்து, அந்தக் கப்பலில் தயாராக வைத்திருந்தார்கள். நிலவிலிருந்து ஏதாவது கிருமி ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் அது பூமியில் பரவிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. கேரவனுக்குள் இருந்த காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சற்றுக் குறைவாக வைக்கப்பட்டிருந்தது. எங்கேனும் சிறு இடுக்கு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே வருமே தவிர, உள்ளே இருக்கும் காற்று வெளியே போகாது.

அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத்தான் எதுவும் ஓடும். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேரவனில் ஓடும் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் இதுவே அடிப்படை.

நம் ஊரில் கேரவன் என்றால் சினிமா படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி நினைவுக்கு வரும். அமெரிக்காவில் சாதாரணக் குடும்பங்களும் கேரவனில் ஊர் சுற்றுகின்றன. சமையல், குளியல், தூக்கம் எல்லாம் அதற்குள்ளேயே. 1931-ல் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தைத் தொடங்கிய வாலி பையம், 1936-லேயே தன் ‘கிளிப்பர்’ கேரவனில் தண்ணீர் வசதியும் மின்விளக்கும் வைத்துவிட்டார். அரிசோனா மாநிலத்தில் குவார்ட்சைட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. குளிர்காலம் வந்தால் அதைச் சுற்றியுள்ள பாலைவனத்தில் ஏராளமான கேரவன்கள் வந்து நிற்கும். அங்கே வண்டி பக்கத்தில் மின்கம்பமும் இல்லை, தண்ணீர்க் குழாயும் இல்லை. வேண்டியதையெல்லாம் வண்டியே சுமந்து வர வேண்டும்.

பலர் பழைய கேரவனை வாங்கி, வயரையும் பைப்பையும் தாங்களே மாற்றி, தங்கள் தேவைக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்கிறார்கள். நாமும் அப்படி ஒரு பழைய கேரவனை எடுத்துக்கொள்வோம். கையில் பென்சிலும் தாளும் போதும். ஏனென்றால் இந்த வேலையில் கணக்கு முதலில் வரும். ஸ்பேனர் பிறகுதான் வரும்.

ஒரு வண்டி, இரண்டு மின்சாரம்

அமெரிக்கக் கேரவனுக்குள் இரண்டு வகை மின்சாரம் ஓடுகிறது. ஒன்று, பேட்டரி தரும் 12 வோல்ட் நேர்த்திசை மின்சாரம். விளக்கு, மின்விசிறி, தண்ணீர் பம்ப் எல்லாம் இதில் இயங்கும். மற்றொன்று 120 வோல்ட் மாறுதிசை மின்சாரம். அந்த நாட்டு வீடுகளில் பிளக் பாயின்டில் கிடைப்பது இதுதான். நம் வீடுகளில் 230 வோல்ட். முகாம் இடங்களில் கேரவனின் தடித்த கேபிளைக் கம்பத்தில் செருகினால் 120 வோல்ட் கிடைக்கும். மைக்ரோவேவ் அடுப்பு, ஏ.சி. போன்றவை அதில் ஓடும்.

வோல்ட் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். ஆம்பியர் என்பது ஓடும் அளவு. இரண்டையும் பெருக்கினால் வாட். எவ்வளவு வேலை நடக்கிறது என்பதை வாட் சொல்லும்.

முகாமில் 30 ஆம்பியர் இணைப்பு கிடைத்தால் 120 × 30 = 3,600 வாட். ஏ.சி. 1,500 வாட், மைக்ரோவேவ் 1,500 வாட், தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் 1,200 வாட் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டால் 4,200 வாட் ஆகிறது. சற்று நேரத்தில் பாதுகாப்பு சுவிட்ச் டிரிப் ஆகிவிடும். கெட்டில் கொதிக்கும் ஐந்து நிமிடம் ஏ.சி.யை நிறுத்தினால் போதும், பிரச்சினை இல்லை.

பட்டியல் போடுவோம்

இப்போது பாலைவனத்துக்குப் போவோம். அங்கே பேட்டரிதான் துணை. ஒரு நாளுக்கு எவ்வளவு தேவை? வாட்டை, ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும்.

பழைய கேரவனில் ஆறு குண்டு பல்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 18 வாட். நாலு மணி நேரம் எரிந்தால் 18 × 6 × 4 = 432 வாட்-மணி. அதே இடத்தில் 3 வாட் எல்.இ.டி. பல்புகளை மாட்டினால் 72 வாட்-மணிதான். குண்டு பல்பில் பெரும்பகுதி மின்சாரம் வெப்பமாகிப் போய்விடுகிறது. எல்.இ.டி.யில் அந்த இழப்பு மிகவும் குறைவு.

அடுத்து, 12 வோல்ட் ஃபிரிஜ். 45 வாட், நாளில் பாதி நேரம் ஓடும்; 540 வாட்-மணி. 25 வாட் மின்விசிறி எட்டு மணி நேரம் சுற்றினால் 200. செல்போனுக்கும் மடிக்கணினிக்கும் 100. தண்ணீர் பம்ப் விட்டுவிட்டு ஓடுவதால் 30 போதும். எல்.இ.டி. விளக்கோடு கூட்டிப் பாருங்கள்: 942 வாட்-மணி. குண்டு பல்பையே வைத்திருந்தால் 1,302.

100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 12 × 100 = 1,200 வாட்-மணி இருக்கிறது. அப்படியானால் ஒன்றே போதுமே என்று தோன்றும். அவசரப்படாதீர்கள்! ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலிசெய்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். எனவே 600 வாட்-மணிதான் நம் கணக்குக்கு வரும். ஆகவே இரண்டு பேட்டரி வேண்டும். குண்டு பல்பு என்றால் இரண்டும் போதாது, மூன்றாவது தேவைப்படும். ஒரு பேட்டரியின் எடை சுமார் 30 கிலோ. ஆறு பல்புகளை மாற்றியதால் 30 கிலோ சுமை மிச்சம்!

ஈய-அமில பேட்டரியை 1859-ல் கண்டுபிடித்தவர் பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் பிளான்டே. நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிகளில் பெரும்பாலானவை அந்த வகைதான். இப்போது கேரவன்களில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வந்துகொண்டிருக்கிறது. எடை பாதிக்கும் குறைவு, ஏறக்குறைய முழுவதையும் பயன்படுத்தலாம், ஆனால் விலை அதிகம். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, உள்ளே கெட்டுவிடும்.

காலியானதை நிரப்ப, கூரையில் சோலார் பேனல் வைக்கலாம். ஒரு நாள் வெயிலைச் சுருக்கினால் ஐந்து மணி நேர முழு வெயில் தேறும் என்று கொள்வோம். 100 வாட் பேனல் மூன்று வைத்தால் 1,500 வாட்-மணி. சூடு, தூசி, பேனல் படுத்திருக்கும் கோணம் என்று கால்பங்கு கழிந்தாலும் 1,125 மிஞ்சும். நம் 942-க்கு அது போதும்.

வயர் ஏன் தடிமனாக இருக்க வேண்டும்?

கணக்கு சரி, பேட்டரியும் வந்துவிட்டது. ஆனால் புதிதாகச் சில விளக்குகளும் விசிறிகளும் வண்டியின் கடைக்கோடியில் மாட்டினால் விசிறிகள் மந்தமாகச் சுற்றுகின்றன. ஏன்?

பேட்டரியிலிருந்து அங்கே 5 மீட்டர். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும், ஆகவே 10 மீட்டர் வயர். வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு என்றால் அதன் மின்தடை சுமார் 0.07 ஓம். எல்லாவற்றுக்கும் சேர்த்து 10 ஆம்பியர் ஓடும்போது 10 × 0.07 = 0.7 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். ஓட்டத்தை மின்தடையால் பெருக்கினால் வோல்ட் என்பது 1827-ல் ஜார்ஜ் ஓம் வெளியிட்ட விதி. 12-இல் 0.7 என்பது ஏறத்தாழ 6 விழுக்காடு. 6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குக் குறைந்துவிடும்.

12 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 120 வாட். இதே 120 வாட்டை 120 வோல்ட்டில் அனுப்பினால் 1 ஆம்பியர்தான் ஓடும். முதலில் சொன்ன மெல்லிய வயரிலேயே இழப்பு 0.07 வோல்ட். அழுத்தம் கூடினால் ஓட்டம் குறையும், ஓட்டம் குறைந்தால் இழப்பும் குறையும். மின்வாரியம் ஊர்விட்டு ஊர் மின்சாரத்தை ஆயிரக்கணக்கான வோல்ட்டில் அனுப்புவதன் காரணமும் இதுதான்.

சிலர் பேட்டரியின் 12 வோல்ட்டை இன்வெர்ட்டர் மூலம் 120 வோல்ட் ஆக்கி, அதில் கெட்டில் போட நினைப்பார்கள். 1,200 வாட் கெட்டில் 120 வோல்ட் பக்கம் 10 ஆம்பியர்தான் இழுக்கும். பேட்டரி பக்கமோ 100 ஆம்பியருக்கு மேல் பாயும்! எனவே பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே விரல் தடிமனுக்கு வயர் போட்டு, அதை எவ்வளவு குட்டையாக வைக்க முடியுமோ அவ்வளவு குட்டையாக வைப்பார்கள். ஒரே வயரில் ஓட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதை மறக்கக் கூடாது.

வண்டி வீட்டுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. அது ஓடும்போது எல்லாம் அதிரும். ஒற்றைக் கம்பி வயர் அதிர்ந்து அதிர்ந்து முறிந்துவிடும். அதனால் பல மெல்லிய இழைகள் சேர்ந்த வயரையே போடுகிறார்கள். தகரத்தில் துளையிட்டு வயரை நுழைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் வைக்கிறார்கள். இல்லாவிட்டால் தகரத்தின் விளிம்பு வயரின் மேலுறையை அறுத்துவிடும்.

காவல்காரர்கள்

ஃபியூஸ் எதைக் காப்பாற்றுகிறது? பல்பையா, விசிறியையா? இல்லை, வயரை. அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் வயர் சூடாகித் தீப்பிடிக்கும். அதற்கு முன்பே ஃபியூஸ் உருகித் தொடர்பைத் துண்டிக்கும். ஆகவே வயர் எவ்வளவு தாங்குமோ அதற்குள்தான் ஃபியூஸின் அளவு இருக்க வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போடுவது ஆபத்து. ஃபியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். தள்ளி வைத்தால், இடையில் இருக்கும் வயருக்குக் காவல் கிடையாது.

12 வோல்ட் பேட்டரியை உலர்ந்த கையால் தொட்டால் ஷாக் அடிக்காது. ஆனாலும் அது சாது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ஸ்பேனர் தவறி அதன் இரண்டு முனைகளிலும் பட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஸ்பேனரே பழுக்கும். அதனால்தான் தெரிந்தவர்கள் முதலில் எதிர்முனையைக் கழற்றுகிறார்கள். வண்டியின் இரும்புச் சட்டம் எதிர்முனையோடு இணைந்திருக்கும். நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் பொறி பறக்கும். எதிர்முனை ஏற்கெனவே விலகியிருந்தால், பட்டாலும் ஒன்றும் ஆகாது. ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும்; அது எளிதில் வெடிக்கும். எனவே பேட்டரிப் பெட்டிக்கு வெளிக்காற்று வழி அவசியம்.

120 வோல்ட் பக்கம் உயிரையே பறிக்கும். ஈரமும் மின்சாரமும் அருகருகே இருக்கும் கேரவனில் இது இன்னும் ஆபத்து. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால், எங்கோ கசிகிறது என்று பொருள். ஒருவர் உடம்பு வழியாகவும் கசியலாம். இந்த வேறுபாட்டைக் கண்டு நொடிக்கும் குறைவான நேரத்தில் துண்டிக்கும் கருவியை 1961-ல் உருவாக்கியவர் கலிபோர்னியாவில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சீல். அமெரிக்காவில் அது சுமார் 5 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும். 120 வோல்ட் ஆனாலும் நம் வீட்டு 230 வோல்ட் ஆனாலும், அதில் கை வைக்க வேண்டியது பயிற்சி பெற்ற எலக்ட்ரீஷியன் மட்டும்தான். இது சிறுவர்களுக்கு மட்டுமில்லை, பெரியவர்களுக்கும் சேர்த்துச் சொல்வது.

தண்ணீருக்கும் அதே விதி

வீட்டில் மொட்டைமாடித் தொட்டி உயரத்தில் இருப்பதால் தண்ணீர் அழுத்தத்தோடு இறங்குகிறது. கேரவனில் தொட்டி தரையோடு தரையாகக் கீழே இருக்கும். உயரத்தில் வைத்தால் வளைவில் வண்டி சாய்ந்துவிடும் அல்லவா? ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 150 லிட்டர் தொட்டி நிரம்பினால் 150 கிலோ. அதனால் அழுத்தம் தரும் வேலையை 12 வோல்ட் பம்ப் ஏற்கிறது.

இந்த பம்ப்புக்குள் ஒரு அழுத்த சுவிட்ச் இருக்கிறது. குழாயைத் திறந்தால் பைப்பில் அழுத்தம் குறையும், பம்ப் தானே ஓடத் தொடங்கும். குழாயை மூடினால் அழுத்தம் ஏறும், பம்ப் நின்றுவிடும். இதிலிருந்து ஓர் அழகான உத்தி கிடைக்கிறது. புதிதாக பைப் இணைத்து முடித்ததும் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு அமைதியாகக் காத்திருக்க வேண்டும். யாரும் குழாயைத் திறக்காமலே பம்ப் ‘டர்ர்’ என்று ஓடினால், எங்கோ ஒரு சொட்டு கசிகிறது என்று அர்த்தம்!

அதிரும் வண்டிக்கு வளையும் பைப் நல்லது. குறுக்கிணைப்பு செய்த பாலிஎத்திலீன் பைப், அதாவது பெக்ஸ், இப்போது பரவலாகப் பயன்படுகிறது. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால் அது சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும்.

முகாமில் நேரடியாகக் குழாய்த் தண்ணீர் எடுக்கும்போது வேறொரு சிக்கல். அங்கே அழுத்தம் மிக அதிகமாக இருந்தால் கேரவனின் பைப் இணைப்புகள் பிடுங்கிக்கொள்ளும். அதனால் நுழைவாயிலிலேயே அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு மாட்டுகிறார்கள்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஷவரில் நிமிடத்துக்கு 6 லிட்டர் வருகிறது. ஒருவர் ஐந்து நிமிடம் நின்றால் 30 லிட்டர். நாலு பேருக்கு 120 லிட்டர். தொட்டி கிட்டத்தட்ட காலி! சோப்பு போடும்போது ஷவரை மூடி, மொத்தம் இரண்டு நிமிடம் மட்டும் திறந்தால் நாலு பேருக்கும் 48 லிட்டர் போதும்.

வந்த தண்ணீர் போக வேண்டுமே!

பயன்படுத்திய தண்ணீர் மாயமாகிவிடாது. குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒரு தொட்டி; கழிவறைக்கு வேறொரு தொட்டி. இரண்டும் வண்டியின் அடியில் இருக்கும். அவற்றைக் கண்ட இடத்தில் திறந்துவிடக் கூடாது. அதற்கென்று அமைத்த இடத்தில்தான் காலிசெய்ய வேண்டும். கழிவறைத் தொட்டியை முதலில் திறந்து, பிறகு குளியல் தண்ணீரைத் திறப்பார்கள். சோப்புத் தண்ணீர், கழிவு போன குழாயைக் கழுவிக்கொண்டு போகும்.

கழிவறைத் தொட்டியின் வால்வை எப்போதும் திறந்தே வைத்தால் வேலை மிச்சம் என்று சிலர் நினைப்பார்கள். அது தவறு. நீர் மட்டும் வடிந்துபோய், திடக்கழிவு உள்ளேயே காய்ந்து குவிந்துவிடும். வால்வை மூடி வைத்து, தொட்டி போதுமான அளவு நிறைந்த பிறகு ஒரேயடியாகத் திறந்தால், நீர் தன் வேகத்தில் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

தொட்டியின் நாற்றம் ஏன் சிங்க் வழியாக மேலே வருவதில்லை? சிங்க்குக்கு அடியில் குனிந்து பாருங்கள், பைப் வளைந்திருக்கும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று வாயுவைத் தடுக்கும். கழிவறைக்கு இந்த வளைவை வைத்து 1775-ல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் கம்மிங். கேரவனில் பைப்பைப் புதிதாக மாற்றுபவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: கூரைக்குப் போகும் காற்றுக்குழாய். தொட்டிக்குள் தண்ணீர் நுழைய வேண்டுமானால் அங்கிருக்கும் காற்று வெளியேற வேண்டும். வழி இல்லாவிட்டால் காற்று ‘குளுக் குளுக்’ என்று சிங்க் வழியே வரும். சில சமயம் வேகமாக இறங்கும் தண்ணீர் பின்னால் அழுத்தத்தைக் குறைத்து, வளைவில் நின்ற தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். பிறகு நாற்றத்துக்குத் தடையே இல்லை.

அமெரிக்காவின் வடபகுதியில் குளிர் உறைநிலைக்குக் கீழே போகும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு பருக்கும். பைப்பும் பம்ப்பும் விரிசல் விடும். அதனால் குளிர்காலத்தில் வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் பைப்பில் உள்ள தண்ணீரை வடித்துவிட்டு, இளஞ்சிவப்பு நிறத்தில் உறைதடுப்புத் திரவம் நிரப்புகிறார்கள். அது புரோபிலீன் கிளைக்கால். கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. அதைக் குடிநீர்க் குழாயில் ஊற்றவே கூடாது.

செய்து பாருங்கள்

ஒன்று: இரண்டு 1.5 வோல்ட் செல், ஒரு டார்ச் பல்பு, மூன்று வயர் துண்டு, ஒரு பென்சில். பென்சிலை நீளவாக்கில் பிளந்து தரும்படி பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். உள்ளே இருக்கும் கரிக்கோலையும் ஒரு வயராக வைத்து, செல்லையும் பல்பையும் இணையுங்கள். கரிக்கோலின் மேல் ஒரு வயரின் முனையைத் தள்ளி வைத்தால் பல்பு மங்கும், கிட்டே கொண்டுவந்தால் பளிச்சிடும். நம் விசிறி ஏன் மந்தமானது என்று கண்ணால் பார்க்கிறீர்கள்.

இரண்டு: ஒளி ஊடுருவும் மெல்லிய குழாயை U வடிவில் வளைத்து நிறுத்தி, வண்ணத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றுங்கள். ஒரு முனையில் மெதுவாக ஊதினால் மறுபக்கம் மட்டம் ஏறும். கொஞ்சம் பலமாக ஊதினால் காற்று குமிழியிட்டு வெளியே வந்துவிடும். தொட்டிக்குக் காற்றுக்குழாய் இல்லாவிட்டால் சிங்க்கில் நடப்பதும் இதுவே.

மூன்று: ஒரு லிட்டர் பாட்டிலைக் குழாயடியில் வைத்து, நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். பல் துலக்கும்போது குழாய் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்றும் பாருங்கள். இரண்டையும் வைத்து லிட்டர் கணக்குப் போடுங்கள்.

பிறகு உங்கள் வீட்டுக்கே ஒரு நாள் பட்டியல் தயாரியுங்கள். எந்தச் சாதனம் எத்தனை வாட், எத்தனை மணி நேரம். எங்கே எத்தனை லிட்டர். கேரவனில் 150 லிட்டரும் இரண்டு பேட்டரியும் கண்ணெதிரே தீர்வதால் அங்கே இருப்பவர்கள் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். நம் வீட்டில் தண்ணீரும் மின்சாரமும் எங்கோ தொலைவில் தீர்கின்றன; அவ்வளவுதான் வேறுபாடு. பட்டியல் முடிந்ததும், அதில் எந்த எண்ணை முதலில் குறைக்கலாம் என்று வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பேசுங்கள்.